பத்தாவது முடித்த கோடையிலேயே நுண்கணிதத்துக்குத் தயாராவது எப்படி?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நுண்கணிதப் பகுதிகளான எல்லை, வகையிடல் (வளைவின் சாய்வைக் காண்பது), தொகையிடல் (வளைவின் கீழுள்ள பரப்பைக் காண்பது) எல்லாம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. அதனால் நேரம் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பலருக்கு வகையிடல் உடனே புரிந்துவிடும்; நடுவே வரும் இயற்கணிதத்தில்தான் கை தடுமாறும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: பழைய தவறுகளைத் திருத்துங்கள்

இரண்டு எழுத்துகளைக் கூட்டி வர்க்கம் எடுப்பதும், தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டுவதும் ஒன்று என்று நினைப்பது ஒரு பழைய தவறு. சந்தேகம் வந்தால் எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போட்டுப் பாருங்கள். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49. தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 25. இரண்டும் ஒன்றில்லை என்று கண்ணால் பார்த்த பிள்ளை அப்புறம் அந்தத் தவறைச் செய்யத் தயங்கும். இரண்டு வாரம், தினமும் பத்து காரணிப்படுத்தல் கணக்குகள் போடுங்கள்.

படி 2: கையால் வரைபடம்

கிராஃப் தாளில் 0, 1, 2, 3 ஆகியவற்றுக்கு நேரே அவற்றின் வர்க்கங்களைக் குறித்து, வளைவாக இணையுங்கள். இதுதான் சார்பு: ஓர் எண் உள்ளே போனால் ஒரே ஓர் எண் வெளியே வரும்.

படி 3: சாய்வு

இதற்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். பத்தாவதில் பிள்ளை நேர்கோட்டுக்குச் சாய்வு படித்திருக்கும். வளைவுக்கு? வரைந்த வளைவில் 1-க்கு நேரே உள்ள புள்ளியை 2-க்கு நேரே உள்ள புள்ளியோடு ஸ்கேல் வைத்து இணைத்தால் சாய்வு 3. இப்போது இரண்டாவது புள்ளியை நெருக்கிக்கொண்டே வாருங்கள்:

1.1-இன் வர்க்கம் 1.21, சாய்வு 2.1
1.01-இன் வர்க்கம் 1.0201, சாய்வு 2.01
1.001-இன் வர்க்கம் 1.002001, சாய்வு 2.001

எங்கே போய்ச் சேரும் என்று பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். நேரடியாக 1-ஐயே போட்டால் பூச்சியத்தின் கீழ் பூச்சியம் வந்து கணக்கு நின்றுவிடும். எல்லை என்ற கருத்து தேவைப்படுவதே அதனால்தான். சரி, இதையே 2, 3 ஆகிய இடங்களிலும் செய்யுங்கள். 4, 6 கிடைக்கும். சூத்திரத்தைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்!

படி 4: ரேடியன்

ரேடியன் என்பது பாகையைப் போலவே கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு; நுண்கணிதத்தில் இதைத்தான் பயன்படுத்துவோம். 180 பாகை என்பது பை ரேடியன். கால்குலேட்டரை ரேடியனில் வைத்து சைன் 0.1 போட்டால் ஏறக்குறைய 0.0998 வரும், கோணத்துக்கு மிக அருகில். பாகையில் வைத்தால் இது வராது.

படி 5: எல்லைப் பாடத்தைத் திறங்கள்

எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது, மேலே எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் 4, கீழே எக்ஸ் கழித்தல் 2. மேலே இருப்பதைக் காரணிப்படுத்தினால் கீழே இருப்பது அடிபட்டுவிடும், விடை 4. படி 3-இல் 2-க்கு வந்த அதே சாய்வு.