வீட்டில் சிப்பிக்காளான்: வைக்கோலைப் பிழிந்து பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கிளுவை வேலியை ஒட்டி ஒரு கறையான் புற்று இருக்கிறது. இடி மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாள் விடியலில் போனால், சில வருடம் மண்ணைப் பிளந்துகொண்டு புற்றுக்காளான் நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் காம்பு அறுந்துவிடும். குச்சியால் நோண்டினால் வேர் மாதிரி கீழே போய்க்கொண்டே இருக்கும். அம்மாயி (அம்மாவின் அம்மா) அதைச் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினால், அன்றைக்குக் கோழிக் குழம்பை யாரும் கேட்க மாட்டார்கள். சில வருடம் என்பதைக் கவனியுங்கள். போன இரண்டு வருடமும் ஒன்றுகூட இல்லை.

அதையே வீட்டில் வளர்த்துவிடலாம் என்று புற்று மண்ணை இரண்டு கூடை அள்ளி வந்து, தென்னை மரத்தடியில் கொட்டி, காம்புகளைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றியவன் நான். முளைத்தது அருகம்புல். புற்றுக்குள் கறையான்கள்தான் தாங்கள் மென்ற தழையில் அந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. விவசாயி வேறு ஆள். நாம் வரப்பில் நின்று பறிக்கிறவர்கள்.

புதிதாகக் காளான் பறிக்கக் கிளம்புகிறவர்கள் பரம்பரையாகப் பறித்தவர்களோடு மட்டும் போங்கள். மழைக்குப் பின் புல்தரையில் பெரிதாக வெள்ளைக் குடை விரிக்கும் ஒரு வகை உண்டு. இளசில் அடிப்பக்கச் செதில்களும் வெள்ளைதான், முற்றியபின்தான் பச்சையோடும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும். அதைவிடக் கொடிய வகைகள் ஆறு, பன்னிரண்டு மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு கல்லீரலைப் பிடிக்கும். வெள்ளிக் கரண்டி கறுக்கும், மஞ்சள் போட்டால் தெரியும், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் நம்பத்தக்கவை அல்ல. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

இனி சிப்பிக்காளான். ஒரு காற்றோட்டமான அறை, நிழல், கொஞ்சம் வெளிச்சம் போதும்.

வித்து: காளான் பூஞ்சையைச் சோள மணிகளில் வளர்த்துப் பையில் தருவார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கும். பை முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் பணம் திரும்பாவிட்டாலும் பையைத் தூக்கிப் போடுங்கள். ஒரு பை வித்து இரண்டு படுக்கைக்கு, அதாவது வைக்கோல் அடைத்த இரண்டு பைக்கு வரும்.

வைக்கோல்: மழையில் நனையாத, பொன்னிறமான புது வைக்கோல். நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வாங்குகிறேன். இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, அண்டாவில் முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். மருந்துக் கரைசலில் ஊறவைக்கும் முறையும் உண்டு. சாப்பிடும் பொருளுக்கு எதற்கு என்று நான் விறகடுப்போடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்ததுதான் என்னைக் கவிழ்த்த இடம். முதல் நான்கு பைகளுக்கும் வைக்கோலை ஒரு மணி நேரம் வடியவிட்டு அப்படியே அடைத்தேன். ஆறாம் நாள் பையின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியது. கழுநீர்த் தொட்டி நாற்றம். பத்தாம் நாள் பச்சைப் பூசணம். வித்து விற்றவரைத் தொலைபேசியில் திட்டினேன். பாவம், அவர்மேல் தவறே இல்லை.

வெந்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில், நிழலில் பரப்புங்கள். ஒரு கைப்பிடி அள்ளி முழு பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் சொட்டினால் இன்னும் உலரட்டும். சொட்டாமல் உள்ளங்கை மட்டும் ஈரத்தில் பளபளத்தால் சரி. உள்ளங்கையும் காய்ந்திருந்தால் தாமதித்துவிட்டீர்கள். மேலே பரப்பியதை மட்டும் பிழியாதீர்கள். அடியிலிருந்தும் அள்ளிப் பாருங்கள். ஆடிக் காற்றில் முக்கால் மணி நேரத்தில் பதத்துக்கு வந்துவிடும். ஐப்பசி மழையில் மதியம் வரை ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் கையை நம்புங்கள்.

பை: 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம். நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோல், ஓரமாக வித்து, மறுபடி வைக்கோல் என ஐந்து அடுக்கு. அழுத்தி அடைத்துக் கட்டி, பக்கத்துக்கு ஒரு சிறு துளை போட்டு உறி மாதிரி தொங்கவிடுங்கள். பதினைந்து இருபது நாளில் பை வெள்ளைப் பஞ்சாகிவிடும். அதற்கு முன் ஆர்வத்தில் பிரிக்க வேண்டாம். பிறகு பையைக் கிழித்து, தினம் இரண்டு மூன்று வேளை கைத்தெளிப்பானால் புகைபோலத் தண்ணீர் அடியுங்கள். ஈரப்பத இயந்திரம் வாங்கச் சொல்வார்கள். சுவரோரம் நனைத்த சணல் சாக்கு அந்த வேலையைச் செய்யும். மூன்றாம் நாள் குண்டூசித் தலைகள், அடுத்த மூன்று நாளில் அறுவடை. வாரம் விட்டு இன்னும் இரண்டு முறை கிடைக்கும்.

பின்சேர்க்கை: காம்பு நீண்டு குடை சுருங்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அறையில் காற்று போதவில்லை. சன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள்; வலை இல்லாவிட்டால் சிறு ஈக்கள் முட்டையிட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இன்னொருவர் காளான் அறைக்குள் போனாலே இருமல் என்றார். குடையின் விளிம்பு மேல்நோக்கி மடிவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். முற்றினால் குடையின் அடியிலிருந்து வித்துத்தூள் பறக்கும், இருமல் அதனால்தான். மூக்கில் துணி கட்டுங்கள்.

சித்திரையில் ஈரோட்டு வெயிலில் சிப்பி வராது. அந்த மாதங்களுக்குப் பால்காளான். அதற்கு மேல்மண் போட வேண்டும், தனியாக எழுதுகிறேன்.

ஓய்ந்த வைக்கோலை அந்தத் தென்னை மரத்தடியில்தான் கொட்டுகிறேன். போன மழையில் அதிலிருந்து ஒரு கொத்துச் சிப்பி முளைத்திருந்தது. அம்மாயியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புற்றே இல்லாத இடத்தில் முளைத்திருக்கிறதே கண்ணு, எனக்கு வேண்டாம், நீயே தின்னு" என்றார்.