சிவப்பு மையை எடுக்கும் முன்: ஆங்கிலம் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலப் படிகளைத் திருத்தும் வேலையில் சேர்ந்த புதிதில், உடன் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கட்டுரை என் மேசைக்கு வந்தது. அதில் 'லெஸ் தேன் 10 கிலோமீட்டர்ஸ்' என்று எழுதியிருந்தார். எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்' என்ற விதி எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். கிலோமீட்டரை எண்ணலாம் அல்லவா? 'லெஸ்' என்பதை அடித்து 'ஃபியூவர்' என்று எழுதினேன். அவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

சரியாக இருந்த வாக்கியத்தை நான்தான் கெடுத்தேன் என்பது பல மாதம் கழித்தே எனக்குத் தெரிந்தது. பத்து கிலோமீட்டர் என்பது வரிசையாக வைத்த பத்துப் பொருள் அல்ல, ஒரே தொலைவு. தொலைவு, நேரம், பணம், எடை எதுவானாலும் எண் முன்னால் நின்றாலும் அது ஓர் அளவுதான். அளவுக்கு 'லெஸ்' என்பதே இயல்பு. 'லெஸ் தேன் ஃபைவ் மினிட்ஸ்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

தெரியாமல் எழுதும் பிழைகளைப் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தெரியும் என்ற நம்பிக்கையில் செய்யும் திருத்தங்களைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கிலச் சொல்வழக்கு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நூறு பேருக்குக் குறையாமல் என்பதை 'நோ லெஸ் தேன் எ ஹண்ட்ரட்' என்று எழுதுவதைவிட 'நோ ஃபியூவர்' என்று எழுதுவது தமக்கு அழகாகவும் பொருத்தமாகவும் தோன்றுவதாக அதில் சொன்னார். 'தோன்றுகிறது' என்றுதான் சொன்னார். பின்னால் வந்த பாடநூல்கள் அதைச் சட்டமாக்கின. ஆனால் 9ஆம் நூற்றாண்டில், ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' வந்திருக்கிறது. இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் விரைவு வரிசைக்கு மேலே தொங்கிய '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை பலருக்கு உறுத்தலாகவே இருந்துவந்தது. 2008இல் 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றி, இரண்டு சொல்லையுமே ஒதுக்கிவிட்டார்கள்.

எழுத்தில் எண்ணக்கூடிய பொருள்களுக்கு நான் இன்னும் 'ஃபியூவர்' தான் போடுகிறேன். அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அளவுகளைத் தொடுவதில்லை.

நம் இலக்கணத்தில் இதற்கு ஓர் அருமையான பகுப்பு இருக்கிறது. பிழையில்லாதது வழாநிலை, பிழையானது வழு. இவற்றோடு வழுவமைதி என்று மூன்றாவது ஒன்று: இலக்கணப்படி பார்த்தால் பிழைதான், ஆனால் தக்க காரணத்தோடு வழக்கில் ஏற்கப்பட்டது. பள்ளிக்கூடத்து ஆங்கில இலக்கணத்தில் இந்த மூன்றாவது பெட்டி கிடையாது. சரி, தப்பு என்று இரண்டே பெட்டிகள். சண்டை பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஒருவரைக் குறிக்க, 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்று எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'சம்ஒன் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா' என்ற வாக்கியத்தில் குடையை விட்டுப்போனவர் ஒருவர்தான். ஆணா பெண்ணா என்று தெரியாது. 'ஒருமைக்குப் பன்மையா?' என்று உடனே கோடு கிழிப்பவர்கள் உண்டு. அவர்களே தமிழில் 'அவர் வந்தார்' என்று ஒரே ஆளைத்தான் பன்மைச் சொல்லால் குறிக்கிறார்கள். இதைத் தொல்காப்பியர் தம் நூலின் கிளவியாக்கம் என்ற பகுதியிலேயே பார்த்துவிட்டார். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணத்தின் நேர்வழி அல்ல என்று குறித்துவைத்தார். குறித்தாரே ஒழிய, அப்படிப் பேசாதே என்று தடுக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஒருமைத் 'தே' 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் தாராளமாகப் பயன்படுத்தினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான், ஆன் ஃபிஷர் என்ற பெண்மணி எழுதிய இலக்கண நூலில், 'ஹி' என்ற ஆண்பாற் சொல்லே இருபாலுக்கும் பொது என்ற விதி வந்தது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டமே போட்டது. 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில் ஒருமைத் 'தே'வுக்குச் சில இடங்களில் இடம் கொடுத்தது. 'யூ' என்ற சொல்லும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருமைக்கு 'தௌ' இருந்தது. இன்று 'யூ'வை யாரும் பிழை என்பதில்லை. 'தே'யை அடித்துவிட்டு எல்லா இடத்திலும் 'ஹி' போடுவது நான் விட்டுவிட்ட இரண்டாவது திருத்தம்.

வாக்கியக் கடைசியில் 'வித்', 'ஆஃப்' போன்ற சொல் வரக்கூடாது என்பதற்கும் ஊர்பேர் உண்டு. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முந்திய பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகச் சுட்டினார். பிறகு தம் பழைய கட்டுரையையே எடுத்து அப்படி முடிந்த வாக்கியங்களை மாற்றி எழுதினார். 1926இல் ஃபௌலர் தம் புகழ்பெற்ற சொல்வழக்கு அகராதியில் இதை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். ஏறத்தாழ நூறாண்டு ஆகியும் இன்னும் வகுப்பறைகளை விட்டு அது போகவில்லை.

'டு' வையும் வினைச்சொல்லையும் பிரிக்கக்கூடாது என்ற தடை இன்னும் தீங்கானது. அது பொருளையே மாற்றிவிடுகிறது. 'ஹி ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்' என்றால் அவருக்கு முழுதாகப் புரியவில்லை, ஓரளவு புரிந்தது. 'ஹி கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு அண்டர்ஸ்டாண்ட்' என்றால் கொஞ்சமும் புரியவில்லை. விதிக்குப் பயந்து நடுச்சொல்லை நகர்த்தினால் ஒருவரின் அறிவைப் பற்றிய தீர்ப்பே மாறிப்போகிறது. 1864இல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற பாதிரியார் இந்தத் தடையைப் பரப்பினார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பயம் ஒன்று, துணைவினைக்கும் வினைக்கும் நடுவில் சொல் வரக்கூடாது என்பது. 2009 ஜனவரி 20 அன்று ஒபாமாவுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், அரசமைப்பில் 'வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்' என்றிருப்பதில் நடுச்சொல்லை வாக்கியக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் பிரமாணத்தைத் திரும்பவும் எடுக்க வேண்டியதாயிற்று. நடுவில் சொல் வரலாகாது என்ற பழக்கம்தான் நீதிபதியின் நாக்கை இழுத்திருக்கும் என்பது மொழியறிஞர் ஸ்டீவன் பிங்கரின் கருத்து. எனக்கும் அது நம்பும்படியாகவே இருக்கிறது.

பயத்தில் பிறக்கும் உண்மையான வழுக்களும் உண்டு. 'மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்' என்று சொல்லும் பிள்ளையை 'ஐ' என்று சொல் எனத் திருத்தித் திருத்தி, 'மீ' என்றாலே பிழை என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. வளர்ந்தபின் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதுகிறார்கள். இது ஷேக்ஸ்பியரிலும் ஓரிடத்தில் வருகிறது. ஆனாலும் இன்றைய எழுத்தில் பிழையாகவே படிக்கப்படும். 'ஹி கேவ் இட் டு யூ அண்ட் ஐ' என்பதில் கூட இருப்பவரை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஹி கேவ் இட் டு ஐ' என்று யார் சொல்வார்?

'ஹூம்' என்ற சொல்லிலும் இதே கதை. 'த மேன் ஹூம் போலீஸ் சே ஸ்டோல் த கார்' என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். தமிழ் தெரிந்தவருக்கு இது கடினமே இல்லை: யார், யாரை என்ற வேறுபாடுதான். காரைத் திருடியது யார்? அப்படியானால் 'ஹூ'. போலீஸ் யாரைப் பிடித்தது? அப்போது 'ஹூம்'. சந்தேகம் வந்தால் 'ஹூ' என்றே எழுதிவிடுங்கள். தவறான 'ஹூம்' உறுத்தும் அளவுக்கு இயல்பான 'ஹூ' உறுத்தாது.

இனி, உண்மையிலேயே விலகி நடக்க வேண்டிய சொற்கள். இவை பிழையானவை என்பதால் அல்ல, படிப்பவர் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதால். அமெரிக்க அகராதியாளர் பிரையன் கார்னர் இத்தகைய சொற்களை, நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கோடு ஒப்பிட்டார். எந்தப் பொருளில் எழுதினாலும் ஒரு அணியாவது முகம் சுளிக்கும். 'டிஸின்ட்ரஸ்டட்' என்றால் தன்னலச் சார்பற்றவர் என்பார் ஒருவர், ஆர்வமற்றவர் என்பார் இன்னொருவர். நீதிபதியைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் ஆபத்து. 'இம்பார்ஷியல்' என்று எழுதினால் வேலை முடிந்தது. 'லிட்டரலி'யை மிகைப்படுத்தச் சொல்வது 1769இலேயே அச்சில் இருக்கிறது. இருந்தாலும் 'லிட்டரலி ஸ்டார்விங்' என்று பஞ்சச் செய்தியில் எழுதினால் உண்மையான பசியா, பேச்சுவழக்கா என்று படிப்பவர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கம் அங்கே கூடாது.

'பைவீக்லி' வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா? அகராதிகள் இரண்டையும் தருகின்றன. மருந்துச் சீட்டிலோ சம்பள ஒப்பந்தத்திலோ இந்தச் சொல் வரவே கூடாது. 'டேபிள்' என்ற வினை பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே எண்ணத்தோடு இருந்தும் இந்தச் சொல்லால் நெடுநேரம் சண்டை போட்டார்கள் என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே'யும் அப்படித்தான். 'வர்ற வெள்ளியா, அதுக்கு அடுத்த வெள்ளியா?' என்று நாம் கேட்டுக்கொள்வதில்லையா? தேதியைப் போட்டுவிடுங்கள்.

நம் அலுவலக ஆங்கிலத்துக்கும் இதே அளவுகோல்தான். 'போஸ்ட்போன்' இருக்கும்போது 'ப்ரீபோன்' இருப்பதில் என்ன குறை? சுருக்கமான, பொருள் விளங்கும் சொல். ஆக்ஸ்ஃபர்ட் அகராதியே சேர்த்துக்கொண்டது. இந்தியருக்கு எழுதும் மடலில் அதைத் திருத்துவது வீண். ஆனால் 'ஐ வில் ரிவர்ட்' என்றால் பதில் எழுதுகிறேன் என்பது நமக்குத்தான் புரியும். பழைய நிலைக்குத் திரும்புகிறேன் என்றே வெளிநாட்டவர் பலர் எடுத்துக்கொள்வார்கள். '2015இல் பாஸ்ட் அவுட்' என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினால், மயங்கி விழுந்ததாகப் படிக்கும் நாடுகள் இருக்கின்றன. அங்கே 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிக்கொடுப்பதுதான் எழுதியவருக்குச் செய்யும் உதவி.

கடைசியாக ஒன்று, என் மனத்தை மிகவும் வருத்துவது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலரும் கரீபிய மக்கள் பலரும் 'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்று சொல்வார்கள். அதைக் கேட்டதும் படிக்காதவர் என்று முடிவுகட்டுவோர் ஏராளம். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்களும் இருந்தன. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் 'ஆக்ஸ்' என்று எழுதினார். 1535இல் கவர்டேல் அச்சிட்ட விவிலியத்தில் 'கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்' என்ற வசனமே 'ஆக்ஸ்' என்றுதான் தொடங்குகிறது. வேத வசனத்துக்கு ஆகிவந்த ஒலி, ஒரு கறுப்பினப் பெண் நேர்முகத் தேர்வில் சொன்னால் மட்டும் குறையாகிவிடுகிறது. அங்கே எடைபோடப்படுவது சொல் அல்ல, சொன்னவரின் பிறப்பு.

இப்போதெல்லாம் பிறர் பேச்சை நான் திருத்துவதே இல்லை. எழுத்தில், மாற்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்க ஓரத்தில் காரணம் எழுதுகிறேன். எழுதியவர் அதைப் படித்துவிட்டு என்னோடு வாதிடலாம். 'விதி அப்படி' என்பதற்கு மேல் எனக்கு எழுத வராவிட்டால், அவர் எழுதிய சொல்லையே விட்டுவிடுகிறேன்.