சாம்பலை நீலமாக்குவது எப்படி? டிஜிட்டல் ஓவியம் பழகுவோருக்கு ஒரு கோப்பைப் பயிற்சி

டிஜிட்டலில் வரையத் தொடங்கிய புதிதில் எனக்கு ஐட்ராப்பர்தான் (தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துத் தரும் கருவி) எல்லாம். ஒரு புகைப்படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். அதிலுள்ள எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு தட்டு தட்டினால் அந்த மஞ்சள் கைக்கு வந்துவிடும். அதை அப்படியே என் கேன்வாஸில் பூசுவேன். எண் கணக்கில் இம்மியும் பிசகாது. ஆனால் வரைந்து முடித்த பழம் களிமண்ணில் பிடித்து வைத்ததுபோல் இருக்கும்.

எங்கே தவறு என்று பிடிபட ரொம்ப நாளானது. புகைப்படத்தில் அந்த மஞ்சளைச் சுற்றிக் கருநீலத் துணி இருந்தது. என் கேன்வாஸில் சுற்றிலும் வெள்ளை. நிறத்தை எடுத்து வந்தவன் அதன் அக்கம்பக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தப் பதிவில் நாம் வரையப்போவது ஒரே ஒரு சின்னப் படம்: விளக்கு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் கோப்பை. அதற்கு முன்னால் கண்ணைப் பழக்க இரண்டு பயிற்சிகள். லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது), பிரஷ், ஐட்ராப்பர் மூன்றும் உள்ள எந்தச் செயலியும் போதும். கிரிட்டா இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது தாராளம்.

முதலில் திரை

இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி, அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் வசதி, தானாகக் கூடிக் குறையும் பிரைட்னெஸ் ஆகிய மூன்றையும் அணைத்து விடுங்கள். ஒருமுறை ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு மழைக்காட்சி வரைந்தேன். அவ்வளவு திருப்தி. காலையில் திறந்து பார்த்தால் படம் மையில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. இரவுத் திரை மஞ்சளாக இருந்திருக்கிறது. அதை ஈடுகட்ட, எனக்கே தெரியாமல் நீலத்தை அள்ளி ஊற்றியிருக்கிறேன். கண்ணைக் குறை சொல்லவும் முடியாது. எந்த வெளிச்சத்தில் உட்காரவைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அதுதான் சாதாரணம் என்று பழகிக்கொள்வது அதன் சுபாவம்.

அடுத்து, வெள்ளைக் கேன்வாஸில் தொடங்காதீர்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் இருண்டே தெரியும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் வெளிறடித்து விடுவீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 119 என்று கொடுத்து, வரும் சாம்பலால் கேன்வாஸை நிரப்புங்கள். ஏன் 119? அந்தச் சாம்பல், வெள்ளை தரும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதம்தான் தருகிறது. ஆனாலும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடுவே இருப்பதாகக் கண் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. கண்ணின் பாதி வேறு, வெளிச்சத்தை அளக்கும் கருவியின் பாதி வேறு.

பயிற்சி 1: ஒரே சாம்பல், இரண்டு முகம்

2000 × 1000 பிக்சலில் ஒரு கேன்வாஸ் திறந்துகொள்ளுங்கள். இனி அடைப்புக்குள் வரும் மூன்று எண்களும் வரிசையாகச் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகள். இடது பாதியை ஆரஞ்சால் (230, 110, 30) நிரப்புங்கள். வலது பாதியை நீலத்தால் (60, 140, 220). புது லேயரில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒரு சின்னச் சதுரம் போடுங்கள், இரண்டுக்கும் அதே சாம்பல் (140, 140, 140).

இப்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். ஆரஞ்சில் உள்ள சாம்பலில் நீலம் கலந்ததுபோல் ஒரு குளிர்ச்சி தெரியும். நீலத்தில் உள்ளதோ பழுப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு லேயரில் அதே சாம்பலில் ஒரு பட்டை இழுத்து இரண்டு சதுரங்களையும் இணைத்துப் பாருங்கள். அப்புறம் பட்டை லேயரை மறைத்தால் பழைய மயக்கம் திரும்பி வந்துவிடும். உண்மை தெரிந்த பிறகும் கண் மாறுவதில்லை என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி.

இந்த மூன்று எண்களையும் ஏனோதானோ என்று எடுக்கவில்லை. ஆரஞ்சு, நீலம், சாம்பல் மூன்றும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால் வெளிச்ச வித்தியாசம் குறுக்கே வராமல் நிற மயக்கம் மட்டும் வேலை செய்கிறது. நீங்கள் பின்னணியைக் கருநீலமாக்கிப் பாருங்கள். சாம்பல் வெளிறித் தெரியுமே தவிர, அதன் பழுப்பு அவ்வளவாக எடுபடாது.

இந்த விஷயம் முதலில் பெரிய தலைவலியாக வந்து சேர்ந்தது ஓவியர்களிடம் அல்ல, நெசவாளர்களிடம். பாரிஸின் கோபெலின் திரைச்சீலைப் பட்டறையில் 1824இல் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் கறுப்பே ஏறவில்லை என்று அவரிடம் புகார். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் நெய்யும்போதுதான் கறுப்பு சோகை பிடித்துத் தெரிந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும் என்பதை 1839இல் அவர் ஒரு தடிமனான நூலாகவே எழுதிவிட்டார். (மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார். புகார்களை நிதானமாக விசாரிப்பவர்களுக்கு ஆயுசு கெட்டி போலும்.)

பயிற்சி 2: ஸ்லைடர் சொல்லும் பொய்

கலர் வீலில் முழு மஞ்சளை (255, 255, 0) எடுங்கள். பக்கத்திலுள்ள ஸ்லைடர்கள் செறிவு (நிறத்தின் அடர்த்தி) 100, பிரைட்னெஸ் 100 என்று காட்டும். முழு நீலத்தை (0, 0, 255) எடுங்கள். அதற்கும் 100, 100. அப்படியானால் இரண்டும் ஒரே வெளிச்சமா? பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

கண்ணுக்கு மூன்று அடிப்படை நிறங்களும் சமமில்லை. திரை காட்டும் வெள்ளையில் நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. அதாவது 93. ஸ்லைடருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

அதனால் எப்போதும் கையில் ஒரு சோதனை லேயர் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர், அதை முழுக்கக் கறுப்பால் நிரப்பி, பிளெண்ட் மோடை (கீழுள்ள லேயர்களோடு அது எப்படிக் கலக்க வேண்டும் என்ற அமைப்பு) ‘கலர்’ என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் நீலம் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். செறிவை நீக்கும் கட்டளையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சில செயலிகளில் அது மஞ்சளையும் நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிக் கையில் கொடுக்கும்.

இனி கோப்பை

முடிந்தால் உண்மையான கோப்பையை வைத்தே வரையுங்கள். பொழுது சாயும் நேரம் நல்லது. இடப்பக்கம் மஞ்சள் விளக்கு, வலப்பக்கம் ஜன்னல், நடுவே மேசையில் வெள்ளைக் கோப்பை.

வரையும் முன் ஒரு காரியம். உள்ளங்கையைக் குழல்போல் மடக்கி, சின்னத் துளை மட்டும் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே கோப்பையைப் பாருங்கள். விளக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, ஜன்னல் பக்கத்தில் ஒரு புள்ளி. துளைக்குள் கோப்பையைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. முதல் புள்ளி வெண்ணெய் நிறத்தில் இருக்கும். இரண்டாவது, மேகம் மூடிய வானத்தின் நிறம். கையை எடுத்ததும் மறுபடி அது சாதாரண வெள்ளைக் கோப்பை!

வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் நமக்குச் சொல்வது மூளையின் வேலை. இல்லாவிட்டால் காலையில் பார்த்த கோப்பையை மாலையில் அடையாளம் தெரியாது. 1995இல் பார்வை அறிவியலாளர் எட்வர்ட் ஏடல்சன் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நிழலில் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் ‘கறுப்பு’க் கட்டமும் எண்ணில் ஒன்றே. அன்றாடம் புழங்க இந்தத் திறமை நல்லதுதான். வரைபவருக்கோ அதுவே இடைஞ்சல். மூளை கழித்துவிட்டதைக் கேன்வாஸில் நாம் திரும்பக் கூட்டியாக வேண்டும்.

*படி 1.* பின்னணியை முதலில் போடுங்கள். சுவர் (150, 110, 70), மேசை (95, 62, 40). பெரிய பிரஷ், நாலைந்து தீற்றல், அவ்வளவுதான். கோப்பையின் நிறங்கள் சரியா தப்பா என்று சொல்லப்போவது இந்த அக்கம்பக்கம்தான், எனவே இது இல்லாமல் கோப்பையைத் தொடாதீர்கள்.

*படி 2.* கோப்பையின் வெளிச்சப் பக்கம். கை தானாக வெள்ளைக்குப் போகும். போகவிடாதீர்கள். (238, 206, 150) எடுத்துப் பூசுங்கள். வண்ணத் தட்டில் பார்க்கையில் பிஸ்கட் நிறமாக இருக்கும். பழுப்புச் சுவருக்கு முன்னால் வந்ததும் வெள்ளையாகத் தெளியும்.

*படி 3.* நிழல் பக்கம். இங்கேதான் அந்தப் பழைய பயிற்சி உதவிக்கு வருகிறது. நீலத்தை எடுக்க வேண்டாம். சுத்தமான சாம்பல், (120, 120, 120), அதைப் பூசிப் பாருங்கள். சுற்றிலும் பழுப்பும் மஞ்சளும் இருப்பதால் சாம்பலே நீலச் சாயலோடு தெரியும். ஜப்பானின் ரிட்சுமேக்கான் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் அகியோஷி கிட்டவோகா 2017இல் வெளியிட்ட ஸ்ட்ராபெரிப் படத்தின் ரகசியமும் இதுவே. படம் முழுக்க நீலப்பச்சைச் சாயல். பழங்கள் இருக்குமிடத்தில் உள்ளவை சாம்பல் பிக்சல்கள். நம் கண்ணுக்கு மட்டும் அவை சிவப்பு.

போதவில்லை என்றால் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள்: (118, 120, 130). ஜன்னலுக்கு மிக அருகே உள்ள விளிம்பில் மட்டும் (112, 120, 140). இதற்கு மேல் போக எனக்கு மனம் வருவதில்லை. தொடக்கநிலைப் படங்களில் நான் அடிக்கடி பார்ப்பது ‘நிழல் என்றால் நீலம்’ என்று எங்கோ படித்துவிட்டு மை நீலத்தைக் கொட்டுவது. அப்போது அது நிழலாக இராது, கோப்பைக்கு இரண்டு பெயின்ட் அடித்ததுபோல் இருக்கும்.

*படி 4.* இரண்டு பக்கமும் சந்திக்கும் கோட்டை முழுக்கக் குழைத்து விடாதீர்கள். விளிம்பு ஓரிரு இடங்களில் மட்டும் மென்மையாக இருந்தால் போதும். கோப்பையின் அடிப்பகுதியில், நிழலுக்குள், மேசையின் பழுப்பைக் குறைந்த ஒப்பாசிட்டியில் (அடியில் உள்ளது ஊடே தெரியும்படி) லேசாகத் தடவுங்கள். மேசை மேல் படும் வெளிச்சம் எகிறி வந்து அங்கே ஒட்டிக்கொள்ளும்.

*படி 5.* சோதனை லேயரை ஏற்றிப் பாருங்கள். வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் கறுப்பு வெள்ளையிலும் தெளிவாகப் பிரிந்து நிற்க வேண்டும். நிறத்தால் மட்டும் பிரிந்திருந்தால் நிழலை இன்னும் ஒரு பங்கு இருட்டுங்கள்.

*படி 6.* பளிச்சிடும் புள்ளி. கோப்பையின் வாய் விளிம்பில் விளக்கு பிரதிபலிக்கும் இடம். படத்தில் வெள்ளைக்குப் பக்கத்தில் போகும் ஒரே இடம் இதுதான், (255, 246, 225). ஒரே தொடல். இரண்டாவது தொடல் வைக்கக் கை துறுதுறுக்கும்; ஸ்டைலஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வாருங்கள். திரும்பி வந்ததும் கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள் (கிரிட்டாவில் ‘எம்’ விசை). ஓய்வெடுத்த கண்ணுக்குத் தவறுகள் தாமாகவே வந்து தெரியும்.

இதே கோப்பையை நிலவொளியில் வரைய ஆசைப்பட்டால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இருட்டில் முதலில் அணைவது சிவப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்திருக்கிறார்: பகலில் பளீரென்றிருந்த செம்பூக்கள் அந்தி நேரத்தில் கறுத்துவிடும், இலைகள் அவற்றைவிட வெளிச்சமாகத் தெரியும். மங்கலில் வேலை செய்யும் கண்ணின் செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. ஆகவே இரவுக் காட்சியில் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பூ இருந்தால், சிவப்பை இருட்டுவதோடு விடாமல் செறிவையும் பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு பரிசோதனை. படத்தைக் கைப்பேசியில் சின்னதாகத் திறந்து, நீங்கள் வரைவதைப் பார்க்காத ஒருவரிடம் நீட்டி, “இது என்ன நிறக் கோப்பை?” என்று மட்டும் கேளுங்கள். அவர் கையில் ஐட்ராப்பர் இல்லை, கண்தான் இருக்கிறது. “வெள்ளை” என்று யோசிக்காமல் சொன்னால் வேலை முடிந்தது. “நீலமா?” என்றால் நிழலின் செறிவைக் குறையுங்கள். “மஞ்சள்” என்றால் கோப்பையைத் தொடாமல் சுவரையும் மேசையையும் இன்னும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் நகர்த்துங்கள். திருத்தியதை வேறு ஆளிடம் காட்ட வேண்டும். முதலாமவருக்கு உங்கள் முகத்தைப் பார்த்தே விடை தெரிந்திருக்கும்.