கிளவுட் கேமிங்: இரவு எட்டு மணிக் கணக்கு போடாமல் இறங்காதீர்கள்

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி நோட்டும் கையுமாக வந்தான். கிளவுட் கேமிங் தொடங்க வேண்டுமாம்: கேம் நம் பிசியில் ஓடும், ஆடுபவர் நெட் வழியாகத் தன் வீட்டிலிருந்தே ஆடுவார். "அண்ணா, ஆளுக்கு மாசம் 500, நூறு பேர் சேர்ந்தா அம்பதாயிரம்ணா!" பழைய வண்ணாரப்பேட்டையில் கேமிங் சென்டர் நடத்தியபோது நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் இந்தத் தொழிலில் இறங்கினேன். எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்பதையெல்லாம் வீடியோ பார்த்தே தெரிந்துகொள்வீர்கள். நான் பணம் விட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மாதச் சந்தாவை எண்ணிவிட்டு, மாலை நேரத்தை மறப்பது

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஆறு பிசி, தலா 70,000 ரூபாய், எல்லாம் இஎம்ஐ. சேர்ந்தவர்கள் 40 பேர். ஒருவர் தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் 80 மணி நேரம். ஆறு பிசிக்கு ஒரு நாளில் 144 மணி நேரம் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை பத்து மணிக்கு ஆறும் சும்மா கிடந்தன. இரவு எட்டுக்கு 17 பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். "அண்ணா, அரை மணி நேரமா வெயிட்டிங்னே காட்டுது" என்று போன் மேல் போன். 17 பிசி வாங்கினால் இஎம்ஐ மட்டும் 40,000. சந்தாவில் வருவது 20,000. சிலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அதிலும் ஒருவன் வட்டி கேட்டான்!

சினிமாவை ஒரு தடவை தயார் செய்து வைத்தால் லட்சம் பேருக்கு அனுப்பலாம். கேமில் ஒவ்வொருவருக்கும் அவர் அழுத்தும் பட்டனுக்கு ஏற்ப படம் அந்த நொடியில் உருவாக வேண்டும். சென்னை மின்ட் பக்கம் ஷேர் ஆட்டோவில் அடைப்பதுபோல ஒரு சீட்டில் ரெண்டு பேரை அடைக்க முடியாது. கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவே 2025 ஜனவரியிலிருந்து தன் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ்வில் புதிதாகச் சேருபவர்களுக்கு மாதம் 100 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 2019 நவம்பரில் வந்த இதே மாதிரி சேவையான கூகுள் ஸ்டேடியா 2023 ஜனவரியில் கடையைச் சாத்தியது.

பிசி இல்லாதவர்தான் நம் ஆள் என்று நம்புவது

பிசி இல்லாத வீட்டில் பெரும்பாலும் ஃபைபர் லைனும் இல்லை. தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாதான். ஜிஃபோர்ஸ் நவ் கணக்குப்படி, 1080பி தெளிவில் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓட 25 எம்பிபிஎஸ் நெட் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் 2 ஜிபி 11 நிமிடம்கூடத் தாங்காது. அந்தப் பையன் போனில் இலவசமாக பிஜிஎம்ஐ (இந்திய பப்ஜி) ஆடுவான், நம்மிடம் ஏன் வரப்போகிறான்?

எனக்கு லாபம் தந்தவர்கள் வேறு. பெரம்பூர் அப்பார்ட்மென்டில் ஃபைபர் லைன், ஆபீஸ் லேப்டாப், கைக்குழந்தை என்று இருக்கும் முப்பது வயதுக்காரர்கள். காலேஜில் ஆடிய ஆசை போகவில்லை, நேரம்தான் இல்லை. ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாதவர்களைப் போல மாதம் நாலு மணி நேரம் ஆடிவிட்டு 500 ரூபாய் தருவார்கள். இவர்களைத் தேடாமல் பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கொடுத்தேன்.

லேக் அடித்தால் (படம் தாமதமாக வந்தால்) நெட் ஸ்பீடைக் கூட்டுவது

ஸ்பீட் வேறு, பிங் வேறு. ஸ்பீட் என்றால் நொடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்பது; பிங் என்றால் சிக்னல் நம் பிசிக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். முதலில் வைஃபையை விட்டு லேன் கேபிள் மாட்டச் சொல்லுங்கள்.

கேம் கம்பெனியைக் கேட்காமல் கேம் ஏற்றுவது

2020 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் பிலிசார்ட் என்ற கேம் கம்பெனி தன் கேம்களை ஜிஃபோர்ஸ் நவ்விலிருந்து எடுத்துவிட்டது. என்விடியா மாதிரி பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

ஒரு மாத ஃப்ரீ ட்ரையல் கொடுப்பது

ஒரு மணி நேரம் போதும். அதுவும் பகலில்.