பழைய பொருள் கடையில் பார்த்து வாங்குவது எப்படி

கைமாறிய பொருள்களை விற்கும் கடையில் விலைச்சீட்டைக் கடைசியாகப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். விலை முதலில் கண்ணில் பட்டுவிட்டால், "இந்த விலைக்கு இது போதாதா" என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும். அதன் பிறகு கண் குறைகளைத் தேடாது. பொருளைக் கையில் எடுத்து, எது பழுதாகியிருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியுமா, முடியுமென்றால் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்ட பின்பே விலையைப் பார்ப்பது நல்லது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை பெரும்பாலும் இத்தகைய கடைகளில்தான் நடக்கிறது.

புறப்படும் முன் இன்ச் டேப், சிறு காந்தம், டார்ச் ஆகிய மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையையும் கால்சட்டையையும் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்வதும் அவசியம். ஆடையில் தைத்திருக்கும் அளவு எண் நிறுவனத்துக்கு நிறுவனம், காலத்துக்குக் காலம் மாறுவதோடு, பலமுறை துவைத்த துணி சுருங்கியும் இருக்கலாம் என்பதால், அந்த எண்ணைவிட டேப்பையே நம்ப வேண்டும்.

ஆடையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் இழை தேய்ந்த இடங்களும் பூச்சி அரித்த துளைகளும் தெரிந்துவிடும். முழங்கை, முழங்கால், தொடையின் உட்புறம், கழுத்துப்பட்டையின் மடிப்பு ஆகிய இடங்களே முதலில் தேயும். பட்டன் இல்லாததும் தையல் பிரிந்ததும் குறைகளே அல்ல. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஜிப்பை இரண்டு மூன்று முறை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதை மாற்றும் கூலி ஆடையின் விலையைத் தாண்டிவிடலாம். அக்குளில் மஞ்சளாகப் படிந்த வியர்வைக் கறை எளிதில் போகாது. கம்பளியில் திரண்ட உருண்டைகளைச் சுரண்டி எடுத்துவிடலாம், ஆனால் வெந்நீரில் சுருங்கித் தடித்துப்போன கம்பளியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

தோல் போலத் தோன்றும் செயற்கைப் பொருள்களில் கூடுதல் கவனம் தேவை. அவற்றின் மேலுள்ள பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதைவதால், ஒருமுறைகூட அணியாத உடையும் அலமாரியிலேயே உரியத் தொடங்கும். புத்தம்புதிது போல இருந்த ஒரு மேலங்கியை நான் மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன். இரண்டாம் முறை அணிந்தபோது நாற்காலி முழுவதும் கருஞ்செதில்களாக உதிர்ந்துவிட்டது. காலணியின் அடிப்பாகத்துக்கும் இதே கதி நேரலாம் என்பதால், கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்து, பொடியாக உதிர்கிறதா என்று சோதியுங்கள்.

மரச்சாமான் என்றால் இழுப்பறையை வெளியே எடுத்து அதன் மூலையைப் பாருங்கள். பலகைகள் பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்பட்டிருந்தால், அது கவனத்தோடு செய்த வேலை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆடும் நாற்காலியின் இணைப்பைப் பிரித்துப் பசையிட்டு இறுக்க முடியும். நீர் பட்டு உப்பிய மரத்தூள் பலகைக்கு மருந்து இல்லை. சிறு துளைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கக்கூடும். பித்தளை என்று சொல்லப்படும் பொருளில் காந்தம் ஒட்டினால், அது பூச்சு பூசிய இரும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மின்சாதனத்தைக் கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி இல்லையென்றால், அது ஓடாது என்று எண்ணியே விலை மதிப்பிடுங்கள்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சிலவற்றைத் தொடவே கூடாது. தலைக்கவசமும் காரில் பொருத்தும் குழந்தை இருக்கையும் ஒரே விபத்தில் உட்புறம் நசுங்கி, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். பழைய சாயம் பூசிய விளையாட்டுப் பொருள்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அமெரிக்காவில்கூட 1978-இல்தான் வீட்டுச் சாயங்களிலும் பொம்மைகளிலும் அதற்குத் தடை வந்தது. மெத்தையையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். மெத்தை தைத்த நாற்காலியை வாங்குவதாக இருந்தால், டார்ச் அடித்துத் தையல் மடிப்புகளில் மைப்புள்ளி போன்ற கறைகளைத் தேடுங்கள். அவை மூட்டைப்பூச்சியின் தடயம்.

பேரம் பேசுவதென்றால் குறையை விரலால் காட்டி அமைதியாகக் கேட்பதே போதும். வருமானம் அறப்பணிக்குச் செல்லும் கடைகளில் நான் பேரம் பேசுவதில்லை.

வாங்கிய துணிகளை இறுகக் கட்டிய பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி தாங்குமென்றால் 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவையுங்கள். துவைக்க முடியாதவற்றை, ஒளிந்திருக்கும் பூச்சி சாகும்படி, பையோடு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்திருந்து, அதன் பிறகே அலமாரியில் சேருங்கள்.