பட்டறை ரகசியம் கடல் தாண்டும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் கட்சிக்காரர் ஒருவர், வக்கீலான என்னைக் கூப்பிட்டிருந்தார். கொலுசின் துண்டுகளை உருக்கி ஒட்டும் தன் பற்றவைப்புப் பொடியின் கலவை கொழும்பு வியாபாரி ஒருவர் கைக்குப் போய்விட்டது, வழக்குப் போட வேண்டும் என்றார். வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் எந்த அளவில் சேர வேண்டும் என்பது அவர் அப்பா காலத்துக் கணக்கு. அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். உலைக்கு மேலே சுவரைக் காட்டினார். கரிக்கட்டியால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சரக்கு எடுக்க வருகிறவரும் டீ கொண்டுவரும் பையனும் தினமும் பார்க்கிற சுவர்.

வழக்கு அங்கேயே பாதி போய்விட்டது. தொழில் ரகசியத்துக்குப் பாதுகாப்புத் தரும் முன், உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்து ஒப்பந்தம் 39-வது பிரிவில் மூன்று கேள்வி கேட்கிறது. விஷயம் பொதுவாகத் தெரியாததா? தெரியாமல் இருப்பதால்தான் அதற்கு மதிப்பா? அதைக் காப்பாற்ற நீங்கள் நியாயமான ஏற்பாடு செய்தீர்களா? நம் ஊர்க்காரர்கள் தோற்பது மூன்றாவதில்தான். இன்னொன்று: கடையில் கொலுசு வாங்கி, உருக்கிப் பார்த்து ஒருவர் கலவையைக் கண்டுபிடித்தால் அது திருட்டாகாது.

அடுத்த தவறு, இங்கே இருக்கிற சட்டம் அங்கேயும் இருக்கும் என்று நினைப்பது. யாழ்ப்பாணத்து வியாபாரியும் நாமும் பேசுவது ஒரே தமிழ்தான்; சட்டம் வேறு. இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் எண் அறிவுசார் சொத்துச் சட்டம், 160-வது பிரிவில் வெளியிடப்படாத தகவலுக்கு நேரடியாகவே பாதுகாப்புத் தருகிறது. இந்தியாவில் அப்படித் தனிச்சட்டம் கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் 289-வது அறிக்கையில் மசோதா வரைவோடு அப்படி ஒன்றைப் பரிந்துரைத்தது. இங்கே கைகொடுப்பவை ஒப்பந்தமும், நம்பிக்கை மீறல் என்று நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த கோட்பாடும்தான். வங்கதேசத்திலும் நாம் பின்பற்றும் அதே 1872 ஒப்பந்தச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது.

சேலத்தில் வாங்கிய தடையுத்தரவைக் கொழும்பில் நீட்டினால் யாரும் அசைய மாட்டார்கள். அதனால் கலவையோ மாதிரியோ கைமாறுவதற்கு முன்பே ஒப்பந்தம் எழுதுங்கள். தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு, எந்த ஊரில், எந்த நாட்டுச் சட்டப்படி என்பது அதில் இருக்கட்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் நான்குமே 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இருப்பதால், நடுவர் தீர்ப்புக்கு எல்லை தாண்டியும் வழி உண்டு.

புது டிசைனைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பிறகு பதிவுக்கு ஓடுகிறவர்கள் நிறைய. கொலுசின் வடிவம் காலில் ஏறிய அன்றே ஊரறிந்தது. அதை ரகசியமாகக் காக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, வெளியே காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே போட்ட 6 மாதத்துக்குள் இலங்கையிலோ வங்கதேசத்திலோ போட்டால், இங்கே போட்ட தேதியையே அங்கும் கோரலாம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது தொழிலாளி விஷயம். விலகிப் போன பிறகு ஐந்து வருடம் கொலுசு வேலையே செய்யக்கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, படிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அது செல்லாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கைவேலை அவருடைய பிழைப்பு, அதை யாரும் பூட்டி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வேலையில் இருக்கும் காலத்துக்குக் கட்டுப்பாடு போடலாம், அதை 1967-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. விலகிய பிறகும் வெளியே சொல்லக்கூடாதது எது என்று குறிப்பாக, தமிழில், வாசித்துக் காட்டி எழுதுங்கள். "பட்டறை ரகசியம் எல்லாம்" என்று எழுதினால் நீதிமன்றத்தில் ஒன்றும் நிற்காது.

பழைய கலவைக்கு வழக்கு வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னேன். இப்போது அவர் அளவை மாற்றிவிட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பொடியை வீட்டிலேயே கலந்து, எடை போட்ட பொட்டலமாகப் பட்டறைக்கு அனுப்புகிறார். யார் எத்தனை பொட்டலம் வாங்கினார் என்பதற்கு ஒரு நோட்டில் கையெழுத்து.