போர்தோ ஒயின்: இரண்டாம் லேபிளைத் தேடுங்கள்

பிரான்ஸின் போர்தோ பகுதியில் பெரிய ஷாத்தோ (ஒயின் பண்ணை) ஒன்றின் ஒயின் விலை கட்டுப்படியாகவில்லையா? அதே ஷாத்தோவின் 'இரண்டாம் ஒயினை' வாங்குங்கள். போர்தோவின் சான் ஜூலியன் ஊரில் ஷாத்தோ லக்ராஞ்சுக்கு 'லே ஃபியெஃப் த லக்ராஞ்ச்', க்ருவோ லாரோஸுக்கு 'சார்ஜே' என்று தனி லேபிளே உண்டு. இளம் கொடிகளின் திராட்சையும், முதல் ஒயினுக்குத் தேர்வாகாத பீப்பாய்களும் இதில் சேரும். ஆனால் தயாரிப்பது அதே குழுதான். 2016 போன்ற நல்ல ஆண்டு என்றால் தயங்கவே வேண்டாம். அப்புறம், பல வருடம் காத்திருக்காமல் சீக்கிரமே திறந்து குடிக்கலாம்.

மிகப் புகழ்பெற்ற ஷாத்தோக்களான லாஃபீத்தின் 'கர்ருவாத்', லத்தூரின் 'லே ஃபோர்' ஆகிய இரண்டாம் ஒயின்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பெயருக்காகவே அவற்றின் விலை எகிறிவிட்டது. 20 வருடம் பத்திரப்படுத்தி வைக்க நினைப்பவர்களும் முதல் ஒயினுக்கே போவது நல்லது.